பின்னால் ஒரு ரயில்

மஞ்சப்பையில் வருகிறது மண்.
வேதாரண்யம் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்
இரவெல்லாம் குலுங்கி,
கிளாம்பாக்கத்தில் விடியலில் இறங்கி,
எங்கள் அலுவலக வண்டிக்காரர் மடியில் ஏறி
தரமணிக்கு.

ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச்சீட்டு.
வேதரத்தினம், கீழவயல், வாய்க்கால் ஓரம்.
பவுனம்மாள், நடுத்திட்டு.
ஒன்று மட்டும் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது:
பின்பக்கம் ஒரு வகுத்தல், மீதி மூன்று.
போட்டுப் பார்த்தேன். தப்பு.
மீதி ஐந்து.

நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, சலித்து,
ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு வடிநீர் ஊற்றி
குலுக்கி, தெளியவிட்டு,
மீட்டரை முக்கினால் எண் ஏறும்.
இரண்டைத் தாண்டினால் நெல் முகம் சுளிக்கும்.
வேதரத்தினத்தின் மண்
நான்கு புள்ளி எட்டு.

லாபம் பார்க்காத நிறுவனம் எங்களுடையது.
நஷ்டம் பார்ப்போம், அதற்குத்தான் சம்பளம்,
அதுவும் மார்ச் முப்பத்தொன்று வரை.

புதன்கிழமைகளில் நான் குரல்.
பதிந்துவைத்த நூற்றெண்பது கைப்பேசிகளுக்கு
நாற்பது நொடி.
'வணக்கம். உப்பைத் தாங்கும் நெல் விதைத்தவர்கள்
இந்த வாரம் தேங்கிய நீரை வடித்துவிடவும்.'
பதிவறைச் சுவருக்கு மெத்தை ஒட்டவில்லை,
அந்த வரி பட்ஜெட்டில் விழுந்துவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே பறக்கும் ரயில்.

கேட்டுவிட்டு வேதரத்தினம் திரும்ப அழைத்தார்.
ஜிப்சம் எவ்வளவு என்று கேட்கப்போகிறார்,
குறிப்பேட்டைத் திறந்துவைத்தேன்.
'தங்கச்சி, நீ பேசுறப்பல்லாம் பின்னால
ஒரு ரயில் போவுதே, அது எந்த ஊருக்கு?'
'வேளச்சேரிக்குங்க.'
'அங்க என்னா வெளையுது?'
கொஞ்சம் யோசித்தேன்.
'அடுக்குமாடிங்க.'
சிரித்தார்.
சிரிப்பு முடிகிற இடத்தில் சொன்னார்:
நீங்க குடுத்த வெத
பன்னெண்டு பாத்தியில மூணுலதான் நிக்கிது.

அறிக்கையில் ஜெசிந்தா எழுதினாள்,
'ஊக்கமளிக்கும் தொடக்கம்.'
நான் அடித்தேன்.
அவள் மறுபடி எழுதினாள். அவளுக்கும் மார்ச்தான்.
கொடையாளர்கள் மூன்று மணிக்குத் திரையில் வருவார்கள்.
செத்த ஒன்பது பாத்திகளை
வரைபடத்தில் எந்த நிறத்தில் காட்டுவது என்று
அரைமணி நேரம் பேசினோம்.
வெளிர் சாம்பல் என்று முடிவாயிற்று.

அன்று இரவு கந்தன்சாவடியில் எங்கள் தெருவுக்கு
லாரி வந்தது.
வீட்டுக்கு ஒன்பது குடம்.
திருப்பி வைக்க மறந்த மீட்டர் கைப்பையில் இருந்தது.
சும்மாதான் முக்கினேன்.
பூஜ்யம் புள்ளி ஆறு.
'எங்கேருந்துண்ணா தண்ணி?'
குழாயை உதறிக்கொண்டே சொன்னார்:
'மாம்பாக்கம் தாண்டி ஒரு வயக்கெணறு.
நெல்லு போடுறத விட இதுல துட்டு ஜாஸ்தின்றாரு அந்தாளு.'

ஒரு நாற்றங்கால் முழுக்க நின்று குடிக்கும் தண்ணீர்.
பாத்திரம் தேய்த்தேன்.
தலைக்கும் ஊற்றிக்கொண்டேன்.
நன்றாகத்தான் இருந்தது,
அதைச் சொல்லாமல் விட்டால்
அதுவும் வெளிர் சாம்பல்.

அடுத்த புதன்.
தாளில் இருந்தது தொடக்கம், ஊக்கம்.
வாயில் வந்தது:
'பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டது.
மூன்று நிற்கிறது.
அந்த மூன்றும் எந்த ஓரம், எந்தத் தண்ணீர்,
பக்கத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள்.
அந்த மண்ணில் ஒரு பை அனுப்புங்கள்.'

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா
நிறுத்து என்று கைகாட்டினாள்,
தாளுக்காகவா, வருகிற ரயிலுக்காகவா, தெரியவில்லை.
நான் நிறுத்தவில்லை.
ரயில் என் குரலுக்குள் புகுந்து
முழு நீளமும் கடந்து போயிற்று.

நாற்பது நொடி
ஐம்பத்திரண்டு ஆனது.
கணக்கு நோட்டுப் பிள்ளைக்கு, கடைசியாக,
மீதி ஐந்து என்றும் சொன்னேன்.